கரண்ட் இல்லாத நாளில் பிளிபர்டிஜிபெட் பார்த்தேன்

சங்கரன்கோவிலுக்கு நான் வேண்டுமென்றே மாதாந்திர மின்தடை நாளில் போனேன். மற்ற நாட்களில் விசைத்தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது, இரும்பில் கோமதி செய்யும் ஒலிக்கும் சிற்பங்களா கேட்கப்போகின்றன?

திருநெல்வேலியில் காலை ஏழரைக்குப் பேருந்து. ஐம்பத்தாறு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், நாற்பத்தைந்து ரூபாய். ஆட்டோவுக்கு அறுபது. "அந்த இரும்பு அக்கா கொட்டகைக்கா? இன்னைக்குச் சத்தம் வந்தா காலி பண்ணணும்னு சொல்லியாச்சே சார்," என்றார் ஓட்டுநர்.

கோமதி இருபது வருடம் தறி ஓட்டியவர். உடைந்த தறி இரும்பில், தட்டினாலும் சுற்றினாலும் ஒலிக்கும் சிற்பங்கள் செய்கிறார். தடை நாளில்தான் தறிக்காரர்கள் தூங்குகிறார்கள், அதைக் கெடுக்காதே என்பது கொட்டகைக்காரரின் கட்டளை. கொட்டகை போனால் சிற்பங்களை வைக்க வேறு இடம் கிடையாது.

ஒவ்வொன்றிலும் பெயின்டில் ஒரு பெயர். நூல் சுற்றும் பாபின்கள் உருளும் பீப்பாய் காலிவாபிள்ஸ், அதாவது வயிற்றுக் கலக்கம். ஆளுயரத்துக்கு மேல், தறியில் ஊடுநூலை இழுத்து ஓடும் நாடாக்கட்டைகள் முப்பது அடித்துக்கொள்வது பிளிபர்டிஜிபெட். ஓயாமல் வாயடிப்பவள் என்று அர்த்தமாம்.

"பழைய இங்கிலீஷ் டிக்சனரி, எவனோ எடைக்குப் போட்டது, பழைய பேப்பர் கடையில எடுத்தேன்," என்றார் கோமதி. " இதெல்லாம் இப்ப யாரும் பேசுததில்லன்னு போட்டிருக்கான். ஏன், நான் பேசுதேன்லா?"

தமிழில் பெயர் வைக்கலாமே என்று கேட்டுவைத்தேன். என் புத்தி அப்படி.

"தமிழ எவனும் எடைக்குப் போடலியே சார்."

ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. தெரு அமைதியானதும் கோமதி பிளிபர்டிஜிபெட்டின் சக்கரத்தைச் சுற்றினார். எனக்கு நெஞ்சு அதிர்ந்தது. பயமாகவும் இருந்தது, நான் கேட்க வந்ததாலா கொட்டகை போகிறது என்று.

பதினோரு மணிக்குக் கொட்டகைக்காரர் வந்தார். "ஏட்டி கோமதி, சொன்னேன்லா?"

"சொன்னிய அண்ணாச்சி. இந்தாங்க சாவி. முடிச்சிட்டுத்தான் போவேன்."

அவர் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கோமதி திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு மணிவரை வாசித்தார். கரண்ட் வந்தது. ஆனால் ஒரு தறியும் ஓடவில்லை. தறிக்காரர்கள் கொட்டகை வாசலில் கேட்டபடி நின்றார்கள்.

"எங்க தூக்கத்தப் பத்தி ஒங்களுக்கு என்ன அண்ணாச்சி கவலை?" என்றார் ஒருவர், வேட்டியை மடித்துக்கட்டியபடி.

போகிறவர்கள் மின்தடைத் தேதியைக் கேட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். கொட்டகையைத் தேடாதீர்கள், அது பூட்டிக் கிடக்கிறது. சிற்பங்கள் தெருவிலேயே, தறிக்கூடங்களின் வாசலில் நிற்கின்றன. பிளிபர்டிஜிபெட்டைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும். அன்று தறிக்காரர்கள் பதினான்கு பேர் வந்தார்கள்.