மானிட்டரில் குறைத்த மஞ்சள்

என் தங்கை ரீட்டாவின் வீட்டுக்காரர் சந்தனராஜைப் பற்றி ஆவூரில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். பெற்ற மகள் சோபியா ஐந்து மாதம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அப்பாவும் இல்லை என்று ஆனால் என்ன செய்யும்? அப்படி ஆனதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால் அவர் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் மரிய செல்வி. ரேஷன் கடையில் எடை போடுகிறேன். வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை சினிமாவில் இருக்கிறார் என்று தரகர் சொன்னபோது எங்கள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் விசாரித்தேன். படப்பிடிப்பில் டைரக்டர் ஒரு கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து டி.வி. பார்ப்பாராம். கேமரா எடுப்பது அதில் அப்படியே தெரியுமாம். அந்த டி.வி.க்கு மானிட்டர் என்று பேர். அதைக் கொண்டுபோய் வைக்கிற ஆள்தான் மாப்பிள்ளை. “டி.வி. பெட்டி தூக்குறவருக்கா நம்ம ரீட்டாவைக் குடுக்கப் போறீங்க?” என்று நான் குதித்தேன். ரீட்டா அவரைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு வந்து, “நீ கொஞ்சம் சும்மா இருக்கா” என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

வேலை லேசானதில்லை என்பது போகப்போகத்தான் தெரிந்தது. எல்லாருக்கும் முன்னால் போய், வெயில் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்துக் கூடாரம் போட வேண்டும். மிதிபடாத வழியாகக் கேபிள் இழுக்க வேண்டும். யார் நாற்காலி யார் பக்கத்தில் என்பதில் பிசகினால் அன்றைக்கு முழுக்க ஏச்சுத்தான். அத்தனையும் முடித்துவிட்டு மானிட்டரில் நிறம் பார்ப்பார். அதற்குக் கருவி இருக்கிறதாம். இவர் அதை நம்ப மாட்டார். யாரையாவது கேமரா முன்னால் நிற்க வைத்து, வெளியே வந்து அந்த ஆளின் முகத்தை நேரில் பார்ப்பார். உள்ளே போய், திரையில் அதே முகம் வரும்வரை குமிழைத் திருப்புவார். “சட்டை பழசாப் போகும், சுவரு வெளுத்துப் போகும். மூஞ்சிதான்க்கா சரியான கணக்கு” என்பார். இருபது வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தார். ஒரு நாளும் தப்பியதில்லை.

போன தை மாதம் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு படப்பிடிப்பு வந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ரீட்டா படப்பிடிப்பே பார்த்ததில்லை. “ஒரு நாளாச்சும் என்னையக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்று நச்சரித்தாள். நானும் லீவு போட்டுக் கிளம்பினேன். ரெண்டு பஸ் மாறி, மீன் குழம்பும் சோறும் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போனோம். பஸ்ஸிலேயே ரீட்டா தூங்கி வழிந்தாள். “சோர்வா இருக்குக்கா, வெயிலு” என்றாள். தை மாதத்தில் என்னடி வெயில் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

போய்ச் சேர்ந்தபோது நடிகை இன்னும் வேனை விட்டு இறங்கவில்லை. லைட் பார்க்க ஒரு முகம் வேண்டும் என்று கேமராமேன் சத்தம் போட்டார். சந்தனராஜுக்கு வாயெல்லாம் பல். “ரீட்டா, நீ போயி நில்லு. ஒன் மூஞ்சிய வெச்சே இன்னிக்கு நிறம் பாத்துர்றேன்” என்றார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கூச்சத்தோடு ஒரு மண்சுவர் முன்னால் போய் நின்றாள். என்னைக் கறுப்புத் துணிக்குள் கூப்பிட்டார். பார்த்தேன். திரை நிறைய என் தங்கச்சி முகம்!

“கொஞ்சம் மஞ்சளா இருக்கால்லக்கா?” என்றார்.

“ஆமா தம்பி. கண்ணு வெள்ளைகூட மஞ்சளாத்தான் தெரியுது” என்றேன்.

“பெட்டி பழசு. சூட்டுல நிறம் மாறியிருக்கும்.” இந்த முறை அவர் வெளியே போய் நேரில் பார்க்கவில்லை. பதினாறு வருஷம் பார்த்த முகத்தைப் போய்ப் பார்க்க வேண்டுமா என்று நினைத்திருப்பார். மனசில் இருந்த முகத்தை வைத்துக்கொண்டே குமிழைத் திருப்பினார். மஞ்சள் குறைந்தது. இன்னும் குறைந்தது. ரீட்டா எப்போதும் இருக்கிற மாநிறத்தில் பளிச்சென்று வந்து நின்றாள்.

“ம், இப்பத்தான் நம்ம ரீட்டா. சரியா இருக்கு” என்று சொன்னேன். சொன்னது நான். இந்த வாயால்தான் சொன்னேன்.

அப்புறம் நடிகை வந்து நின்றாள். டைரக்டர் மானிட்டரைப் பார்த்துவிட்டு, “என்னய்யா இது, பொண்ணு நீலம் பூத்துக் கெடக்கு?” என்று கத்தினார். சந்தனராஜ் பதறிப்போய்ப் பழையபடி திருப்பினார். எல்லாம் சரியாகிவிட்டது. பெட்டியில்தான் ஏதோ கோளாறு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் மூவரும் ஒரு மர நிழலில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டோம். ரீட்டா நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. அந்தப் பெட்டியை அவர் சென்னைக்கு ரிப்பேருக்கு அனுப்பினார். ஒரு பழுதும் இல்லை என்று திரும்பி வந்தது. பெட்டி நல்லா இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோமே தவிர, எங்கள் மரமண்டைக்கு வேறெதுவும் உறைக்கவில்லை.

அவர் ஐதராபாத் பக்கம் ஒரு படத்துக்குப் போய் இரண்டு மாதம் தங்கிவிட்டார். நான் ரீட்டாவைத் தினமும் பார்த்தேன். தினமும் பார்த்ததால்தான் எனக்குத் தெரியவில்லை. அவர் திரும்பி வந்து வாசலில் பையை வைத்ததும், “என்ன ரீட்டா, இப்பிடி இருக்கே?” என்று அலறினார். மறுநாளே திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கணையத்தில் கட்டி என்றார்கள். பித்தம் போகிற வழியை அது அடைத்துக்கொண்டிருந்ததாம். ஈரலுக்கும் பரவிவிட்டதாம்.

டாக்டர் எங்களை உட்கார வைத்துக் கேட்டார். “மூணு மாசம் முந்தியே லேசா மஞ்சள் தெரிஞ்சிருக்கணுமே. அப்ப வந்திருந்தா ஆபரேஷனுக்கு வழி இருந்திருக்கும். வீட்ல யாருமே பாக்கலையா?”

சந்தனராஜின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கும் அந்த நிமிஷம்தான் எல்லாம் விளங்கியது. “நான் பாத்தேன் சார்” என்றார். “நான் ஒருத்தன்தான் பாத்தேன். பாத்துட்டு நிறத்தைக் குறைச்சுட்டேன்.” டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? ஊரையே ஏசுகிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை.

ஐம்பத்திரண்டு நாளில் ரீட்டா போய்விட்டாள்.

அடக்கத்தன்று நான் செய்ததுதான் பெரிய பாவம். துக்கத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. சவப்பெட்டியை மூடப் போகும்போது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “படப்பிடிப்புல மஞ்சளாப் பாத்தியேடா! பாத்தும் நெறத்தைக் குறைச்சு விட்டுட்டியேடா, பாவி!” என்று ஊர் முன்னால் கத்தினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சோபியா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று ராத்திரியே துணிமணியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் வாசலுக்கு வந்து கூப்பிடுவார். இவள் உள்ளே போய்விடுவாள். கேபிளும் ஸ்டாண்டும் வீட்டில் தூசி படிந்து கிடந்தன. மூன்று படம் கூப்பிட்டும் அவர் போகவில்லை. மகள் ஒரு வார்த்தை பேசட்டும், அப்புறம் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் அவரிடம் கேட்டேவிட்டேன். “சரியா இருக்குன்னு சொன்னது நான்தானே தம்பி? ஏன் என்னையக் காட்டிக் குடுக்கல? நான் ஒங்க சட்டையப் பிடிச்சப்பக்கூட ஏன் வாயத் தொறக்கல?”

“சொல்லி என்னக்கா ஆகப் போகுது? என்னைய சோபியாவுக்குப் பிடிக்காமப் போச்சு. ஒங்களையும் பிடிக்காமப் போயிட்டா, அந்தப் புள்ள யார் மடியில படுக்கும்?” என்றார்.

ஐயோ, எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. இந்த மனுஷனையா பெட்டி தூக்குகிறவன் என்று இளக்காரம் பேசினேன்! இரண்டு வாரம் தூக்கமில்லை. பிள்ளை என் மடியில் தலை வைத்துப் படுக்கும்போதெல்லாம் அவருடைய இடத்தில் நான் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. சொன்னால் இவளும் போய்விடுவாள் என்ற பயம் வேறு. எனக்குப் பிள்ளை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் சோபியாவை உட்கார வைத்தேன். “அன்னிக்குக் கூடாரத்துக்குள்ள நானும் இருந்தேன் பாப்பா. கண்ணு மஞ்சளா இருக்குன்னு சொன்னதும் நான்தான். நெறத்தைக் குறைச்சதும் சரியா இருக்குன்னு சொன்னதும் நான்தான். ஒங்கப்பா எனக்காகத்தான் வாய மூடிக்கிட்டு இருக்காரு.”

அவள் அழவில்லை. “அப்பா சட்டையப் பிடிச்சப்ப ஒங்களுக்கு இது தெரியுமா பெரியம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

“தெரியும்” என்றேன்.

எழுந்துபோய்ப் பையில் துணிகளை அடுக்கினாள். நான் அவளைத் தடுக்கவில்லை. எதிர்த் தெருவில் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவதும், “அப்பா” என்று கூப்பிடுவதும் எனக்குக் கேட்டது. பிறகு அவர் அழுகிற சத்தம் கேட்டது. அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

இப்போது அவர் வேலைக்குப் போகிறார், பக்கத்தில் நடக்கிற படங்களுக்கு மட்டும். சோபியா சமைத்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். என் கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். நான் கூப்பிடுகிறேன். அவள் திரும்புவதில்லை. இன்றோடு பதினேழு நாள்.