பத்தொன்பது ஊர் பனியன்

டிரம்ஸ் வாசிக்க யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று பேட்டிக்கு வருகிறவர்கள் கேட்டால், ஏதாவது ஒரு வெள்ளைக்காரரின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். அவர்களுக்கும் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். உண்மையைச் சொல்வதானால் ஒரு ரிஜெக்ட் பனியனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது.

திருப்பூரில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டீ-ஷர்ட்டையும் நாங்கள் பனியன் என்றுதான் சொல்வோம். ஏற்றுமதிக்குத் தைத்ததில் தையல் கோணியது, கறை பட்டது, அச்சு நகர்ந்தது எல்லாம் எங்கள் உடம்புக்குத்தான் வரும். நல்லூரில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் எட்டுக் குடும்பங்கள். அம்மா நைட்டிக்கு மேல் ஏதோ ஒரு அமெரிக்கக் கல்லூரியின் பனியனைப் போட்டுக்கொண்டு மீன் கழுவுவாள். நான் ஐந்து வயதிலேயே ஜெர்மனியின் தீயணைப்புப் படையில் இருந்தேன்.

அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்தவர்கள். அம்மாவுக்குச் செக்கிங் வேலை. அப்பா பிரிண்டிங். நீள மேஜையில் வரிசையாக விரித்த துணியின் மேல், மரச் சட்டத்தில் வலை கட்டிய ஸ்கிரீனை வைத்து, ரப்பர் கட்டையால் சாயத்தை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். ஒரு நூல் நகர்ந்தாலும் போச்சு. அப்பாவின் கை நகராது என்று கம்பெனியில் பெயர். ஆனால் சனிக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் குடித்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாக் கிழமைகளையும் சனிக்கிழமை ஆக்கிவிட்டார். வீட்டில் தட்டு பறக்கும். டிவி உடைந்தது. நான் மூலையில் உட்கார்ந்து ஒரு குடத்தைக் கவிழ்த்துப்போட்டுக் கரண்டியால் அடித்துக்கொண்டிருப்பேன். அவர்கள் சத்தத்தைவிட என் சத்தம் பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பதினோரு வயதான அந்தக் கோடையில் கம்பெனிக்கு ஒரு கருப்புப் பனியன் ஆர்டர் வந்தது. முன்னால் கொம்பு வைத்த மண்டையோடு. அதற்கு மேலே முள்வேலி மாதிரி எழுத்தில் ஒரு பெயர், அதை ஒருவராலும் படிக்க முடியவில்லை. முதுகில் வெள்ளை எழுத்தில் பத்தொன்பது ஊர்களின் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. லிஸ்பனில் தொடங்கி ஹெல்சிங்கியில் முடியும். கடைசி இரண்டு மேஜைகளுக்குச் சாயம் இழுக்கும்போது அப்பாவின் கை நடுங்கிவிட்டது. ஊர்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டன.

"அண்ணா, உங்க கை முன்ன மாதிரி இல்லீங்க. நாளையிலிருந்து வர வேண்டாங்க. உடம்பப் பாத்துக்கோங்க" என்றாராம் முதலாளி. வேலையை விட்டு அனுப்பும்போதும் மரியாதை குறையாத ஊர் இது. சாய்ந்துபோன பனியன்களில் ஒரு மூட்டையை, அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த என் மாமா தூக்கி வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. வாயைத் திறந்தால் பாதி பொய், மீதி சிரிப்பு. லைன் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு மண்டையோடு கிடைத்தது.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சிலிருந்து திரும்பியபோது அப்பாவைக் காணவில்லை. அம்மா திரும்பிப் பார்க்காமல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, அப்பா எங்க?"

மாமா கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பனியனைத் திருப்பி முதுகைக் காட்டினார்.

"இதுல எழுதிருக்குல்லா, இந்த ஊருக்கெல்லாம் போயிருக்காவ. பனியன் பெட்டியோட கப்பல்ல. ஒவ்வொரு ஊரா எறக்கிக் குடுத்துட்டு வருவாவ."

"பத்தொம்பதுக்குமா?"

"பின்னே? பாதில விட்டுட்டு வர முடியுமாட்டி?"

"எப்ப வருவாவ?"

மாமா குனிந்து கடைசி வரியின் தேதியைப் படித்தார். விரலை மடக்கி ஏதோ எண்ணிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஹெல்சிங்கி முடிஞ்சதும்" என்றார்.

அப்பா போயிருந்தது கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு குடி மறுவாழ்வு இல்லத்துக்கு. மூன்று மாதம் முழுசாக இருக்க வேண்டும், நடுவில் ஓடி வந்தால் இத்தனை பாடும் வீண் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். இந்த மனிதர் மூன்று மாதம் தாங்குவாரா என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் உயிரை வாங்கும் கவலையாக இருந்தது. எனக்கு இது தெரியவந்தபோது நான் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். பதினோரு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்பது மட்டும்தான்.

தலைகால் புரியவில்லை எனக்கு. பள்ளிக்கூடம் திறந்த அன்றே வகுப்பு முழுவதற்கும் சொல்லியாயிற்று. சமூக அறிவியல் டீச்சர் மட்டும், "ஏங்கண்ணு, ப்ராக்ல கடலே இல்லியே, கப்பல் எப்படிப் போகும்?" என்று கேட்டார். ஓடிப்போய் மாமாவிடம் கேட்டேன். "அங்கன லாரில ஏத்திருவாவன்னு சொல்லு" என்றார் மாமா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஒவ்வொரு தேதி வந்ததும் அந்த ஊரின் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு போடுவேன். கருப்புத் துணியில் கோடு தெரியாது, வெள்ளை எழுத்தின் மேல் மட்டும் தெரியும். முதல் கோடு போட்ட அன்று மாமா, மூட்டையிலிருந்து பெரிய சைஸ் பனியன் ஒன்றையும் என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து இன்னொரு நீலப் பேனாவையும் கேட்டு வாங்கிப் போனார். கப்பலுக்குத் தபால் போகுமாம். துவைத்தால் கோடு அழிந்துவிடும் என்று என் பனியனை நான் துவைக்கவே விடவில்லை. ஆடி மாதத்துக்குள் என் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போயிற்று. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு எந்த ஊருட்டி?" என்றுதான் கேட்பாள். அம்மாவுக்குப் புவியியலில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்கு ஆச்சரியம்.

மூன்றாவது ஊர் முடிந்த சமயம், கடைசி அறையில் இருந்த மணிப்பூர் அண்ணன் என்னை வழிமறித்தார். டெய்லர் வேலைக்கு வந்தவர். தோள் வரை முடி. தமிழ் பாதி தெரியும். என் பனியனைப் பார்த்ததும் குதித்தே விட்டார்.

"ஏ பாப்பா! இது நீ கேட்குமா?"

"கேக்கவா? இது பனியன்ணா."

"பனியன் இல்ல! பாட்டு! பேண்டு! ராக்!" என்று தன் நெஞ்சில் கையால் அடித்துக் காட்டினார். அந்தப் பனியனில் இருப்பது ஒரு பாட்டுக் கோஷ்டியின் பெயர் என்றும், அந்தப் பத்தொன்பது ஊர்களிலும் அவர்கள் கச்சேரி செய்கிறார்கள் என்றும் அன்றுதான் தெரிந்தது. பதினோரு வருஷமாக உலகத்துப் பனியனையெல்லாம் போட்டுக் கிழித்த எனக்கு, அதில் எழுதியிருப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அண்ணன் போனை எடுத்தார்.

முதலில் வந்ததைப் பாட்டு என்றே சொல்ல முடியாது. உயரத்தில் ஒருவர் உட்கார்ந்து, சுற்றிலும் வைத்த டிரம்களைப் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தார். வீட்டு மூலையில் குடத்தை வைத்துக்கொண்டு நான் செய்ததையேதான் அவரும் செய்தார்! அவரை மட்டும் யாரும் "நிறுத்துட்டி" என்று கத்தவில்லை. கத்தியவர்களும் இன்னும் அடி, இன்னும் அடி என்றுதான் கத்தினார்கள். எனக்குக் கை கால் எல்லாம் பரபரத்தது. அப்புறம் படம் எடுத்தவர் போனைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். ஆயிரக்கணக்கில் ஆட்கள், அத்தனை பேரும் எங்கள் பனியன்!

"அண்ணா! நிறுத்துங்க! இங்கதான் எங்கப்பா இருக்காவ!"

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை; ஆனாலும் நிறுத்தினார். அன்றிலிருந்து அதுவே வேலை. ஒவ்வொரு ஊர்க் கச்சேரியும் முடிந்து இரண்டு நாளில் யாராவது எடுத்த வீடியோ வந்துவிடும். அண்ணன் ஷிஃப்ட் முடிந்து குளிக்கப் போகும்போது போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான் அப்பாவைத் தேடுவேன். கூட்டத்தை இரண்டு மூன்று நொடிதான் காட்டுவார்கள். கண் இமைத்தால் அவ்வளவுதான். ஆகவே எப்போது காட்டுவார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். டிரம்ஸ்காரர் இடமிருந்து வலமாக ஒரு உருட்டு உருட்டி, வெண்கலத் தட்டில் ஓங்கி ஒன்று போட்டால், கூட்டம் கையைத் தூக்கும், போன் திரும்பும். அந்த உருட்டலுக்கு முன்னால் எத்தனை அடி வரும் என்று எண்ணி எண்ணி வைத்துக்கொண்டேன். எட்டு, எட்டு, எட்டு, நாலு, உருட்டல், அப்பா. இல்லை. மறுபடியும் முதலிலிருந்து. இப்படித்தான் அந்தப் பாட்டுகள் முழுவதும் என் கைக்கு வந்தன. வீட்டில் பிரிண்டிங் சாய வாளிகள் பெரிதும் சிறிதுமாக நாலு கிடந்தன. சில்வர் தட்டு ஒன்றைக் கொடிக் கயிற்றில் தொங்கவிட்டேன். அப்பாவின் உடைந்த ஸ்கிரீனின் சட்டத்திலிருந்து இரண்டு குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டேன்.

பதினோராவது ஊரான ப்ராக் முடிந்ததும் பனியனில் ஒன்பது நாள் இடைவெளி. எந்த ஊரும் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கப்பல் ரிப்பேர்ட்டி" என்றார் மாமா. அந்த ஒன்பது நாளின் நடுவில் ஒரு மத்தியானம் மாமா அடித்துப்பிடித்து ஓடி வந்தார். அம்மாவும் வேலையிலிருந்து வந்துவிட்டாள். அடுப்படியில் நின்று இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது. தன்னால் இதற்கு மேல் முடியாது, நாளைக்கே கிளம்பி வருகிறேன் என்று அப்பா போன் செய்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

"ஏட்டி, பனியனைப் போட்டுட்டு வா. திரும்பி நில்லு" என்றார் மாமா. பதினோரு கோடு போட்ட என் முதுகைப் போட்டோ எடுத்தார். "அப்பாக்கு எதாவது சொல்லணும்னா சொல்லு, அனுப்பிருவோம்" என்று போனை என் வாய்க்கு நேரே பிடித்தார்.

சும்மா விடுவேனா? "அப்பா, ரிப்பேர்னு சொல்லி நடுவுல திரும்பி வந்துராதீய! இன்னும் எட்டு ஊர்ல பனியன் இல்லாம நிப்பாங்க. ஹெல்சிங்கி முடிச்சிட்டுதான் வரணும். நான் கோடு போட்டுட்டே இருக்கேன்" என்று ஒரே மூச்சில் கத்தினேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அப்பா சீக்கிரம் வர வேண்டாம் என்று சொன்னதில் அம்மாவுக்கு வருத்தம் போல என்று நினைத்தேன். மறுநாள் அப்பா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கப்பல் ரிப்பேர் முடிந்து வார்சா வந்தது.

ஹெல்சிங்கிக்குக் கோடு போட்ட மறுநாள் சாயங்காலம் அப்பா பிளேனில் வருவதாக மாமா அறிவித்தார். பத்தொன்பது ஊர் சுற்றியவரைச் சும்மா வரவேற்க முடியுமா? லைன் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் பனியன் போடச் சொல்லித் தெருவில் நிறுத்தினேன். ஒன்பது மண்டையோடுகள் சேர்ந்தன. கை தூக்குவது எப்போது, கத்துவது எப்போது என்று ஒத்திகை வேறு. மணிப்பூர் அண்ணன் பெர்மிஷன் போட்டுவிட்டு வந்து முடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டார். மாமாவின் பைக் முனையில் திரும்பியதுதான் தாமதம், நான் குச்சியை இறக்கினேன்.

எட்டு, எட்டு, எட்டு, நாலு! உருட்டல்! தட்டில் ஓங்கி ஒன்று! பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்கள். அண்ணன் தலையைச் சுழற்றிய சுழற்றலில் ஒரு நாய் குரைத்துக்கொண்டே ஓடியது. "ஏனுங்க, என்னங்க இது, ஊடே இடிஞ்சு போயிருமாட்ட இருக்குது!" என்று வீட்டுக்காரம்மா ஓடி வந்தார், யாரும் நிறுத்தவில்லை. அப்பா பைக்கிலிருந்து இறங்கினார். இளைத்திருந்தார். ஷேவ் செய்திருந்தார். அவரும் அதே கருப்புப் பனியன் போட்டிருந்தார். ஒரு வாளி கவிழ்ந்து உருண்டது. மீதி மூன்றை வைத்து முழுப் பாட்டையும் முடித்தேன். அப்பா நடுத்தெருவில் நின்று கடைசி அடி வரை கேட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். அந்த மாதிரி ஒரு ரசிகர் இன்னும் கிடைக்கவில்லை.

ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "ஹெல்சிங்கி எப்படிப்பா இருந்துச்சு?"

அப்பா மாமாவைப் பார்த்தார். "குளிரு மக்கா" என்றார்.

அவரைப் பிடித்துத் திருப்பினேன். பனியனின் முதுகில் அவரும் கோடு போட்டிருந்தார். பத்தொன்பது ஊர், பத்தொன்பது நீலக் கோடு. ஆனால் முதல் ஊர்களின் கோடுகள் கோணல்மாணலாக, எழுத்தை விட்டு மேலும் கீழுமாகக் குதித்திருந்தன. லிஸ்பனில் கோடு எங்கே, எழுத்து எங்கே என்றே தெரியவில்லை. போகப் போகக் கொஞ்சம் அடங்கி, வார்சாவிலிருந்து ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி நேராக இருந்தன.

"என்னப்பா, மொதல்ல எல்லாம் இப்படிக் கிறுக்கி வச்சிருக்கீய?"

அப்பா தன் வலது கையை விரித்து ஒரு தடவை பார்த்துவிட்டு என் தலையில் வைத்தார். மாமாதான் முந்திக்கொண்டார். "கப்பல்ல ஆட்டம் ஜாஸ்தில்லா?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் முதற்கொண்டு எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்: ப்ராக் வரைக்கும் எங்கப்பா போன கப்பல் பயங்கரமாக ஆடியிருக்கிறது, அந்த ஒன்பது நாளில் அதை அவ்வளவு நன்றாக ரிப்பேர் பார்த்திருக்கிறார்கள், அதற்கப்புறம் அது ஆடவே இல்லை.