தகரத்தில் விழுந்த சோளம்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் வாசற்படிப் பனியை வழித்து உப்புப் போட்டேன். அம்மாவுக்குத் தேநீரும் பிரஷர் குளிசையும் கொடுத்தேன். உடுப்புகளைத் தோய்க்கப் போட்டுவிட்டு, ஞாயிறுகளில் வழக்கமாகச் செய்வதுபோலக் குசினி அலுமாரித் தட்டுகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். கடலைப் பை கிழிந்திருந்தது. வெறுமையாகக் கிடந்த பெரிய பிஸ்கற் தகரமொன்றை எடுத்து, கடலையை ஒரேயடியாக அதற்குள் கொட்டினேன்.

சடசடவென்று வெறுந்தகரத்தில் கடலை விழுந்த சத்தம் குசினியை நிறைத்து ஓய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்க் குழாய் திறந்தபடி கிடக்க, அதனருகில் நின்ற அம்மாவைக் காணவில்லை. கீழே, அலுமாரிக் கதவோடு ஒட்டிக் குந்தியிருந்தார். இரண்டு கைகளும் தலைக்கு மேல் இருந்தன.

“முழங்கால் பிடிச்சுப்போட்டுது,” என்றார். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன்.

அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மாவும் நானும் அம்மாவின் தம்பியான மாமாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த முதற் குளிர்காலம் அது. அப்பா எங்களுக்கு ஐந்து வருடம் முன்னதாகவே கனடா வந்துவிட்டார். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், மாடிக்கட்டடமொன்றின் ஒன்பதாம் தளத்தில், எல்லோரும் ஒரு படுக்கையறை வீட்டில் இருந்தோம். மாமாவுக்கு இருபத்திரண்டு வயது. ஊரில் மோட்டார் திருத்தும் கடையில் வேலை செய்தவர். இங்கு வந்த நாள் முதல் அவர் வாசற்கதவைத் தாண்டவில்லை. யாராவது கதவைத் தட்டினால் குளியலறைக்குள் போய்விடுவார். அவரை எப்படி வெளியே கொண்டுவருவது என்பதுதான் அந்த வீட்டின் ஒரே கவலையாக இருந்தது. அதைப் பற்றி அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொள்வார்கள்.

அப்பா சனிக்கிழமைகளில் ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பாலிருந்த பண்ணையொன்றில் தொழுவம் கழுவப் போவார். பண்ணைக்குப் பின்னால் சிறு காடு. அங்கு வரும் மான்களுக்குச் சோளம் தூவுவதற்காகப் பண்ணைக்காரர் கடையில் வாங்கி வைத்திருந்த இயந்திரம் பழுதாகிவிட்டது. புதியது வாங்க அவருக்கு மனமில்லை. ஊரில் வீடுகளுக்கு மின்கம்பி இழுத்துப் பழகிய அப்பா, தானே ஒன்று செய்து தருவதாகச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குள் இன்னொரு நினைப்பும் இருந்தது. பண்ணைக்காரருக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது, சந்தடியில்லாத இடம், மாமாவுக்குப் பொருந்தும்.

சாமான்களெல்லாம் எங்கள் தளத்துக் “கார்பேஜ் ரூமில்” கிடைத்தன. வீடு மாறிப் போகிறவர்கள் அங்கே எதையும் விட்டுப் போவார்கள். ஊறுகாய் வந்த பெரிய வாளி, கேக் வேகவைக்கும் தட்டு, மணியடிக்கும் மணிக்கூடு என்று அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கிவந்தார். “எறிஞ்ச சாமானை வைச்சே உவங்களுக்கு இன்னொரு ரொறன்ரோ கட்டிக் குடுக்கலாம்,” என்பார். உடைந்த காரொன்றின் விசிறி மோட்டரும் பழைய பற்றரியும் வந்து சேர்ந்தன. அமைப்பு எளிமையானது. வாளியின் அடியில் ஒரு துவாரம். அதற்குக் கீழே மோட்டரோடு சுழலும் தட்டு. மணிக்கூடு அடித்தால் மோட்டர் ஓடும். தட்டில் விழும் சோளம் நாலாபக்கமும் சிதறும். மணிகள் தூரப் போய்விடாதிருக்கத் தட்டைச் சுற்றித் தகரத்தால் ஒரு வளையமும் அடித்திருந்தார்.

ஒரு ஞாயிறு பிற்பகல், இரண்டு கதிரைகளுக்கு நடுவே தடியொன்றைப் போட்டு வாளியைக் கட்டித் தொங்கவிட்டு, எங்களுக்குச் சொல்லாமலே அப்பா கம்பியைத் தொடுத்துப் பார்த்தார்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, கார்ப்பெற்றில் அழுந்தியிருந்த என் கன்னம். விழ வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. என் முதுகின்மேல் அம்மா கிடந்தார். குளியலறைக் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. தகரத்தில் சோளம் பொரிந்துகொண்டேயிருந்தது. வளையத்தைத் தாண்டிய மணிகள் பால்கனிக் கண்ணாடியில் தெறித்தன. அப்பா மட்டும், கையில் கம்பியோடு, நடு வீட்டில் நின்றார். எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய முகம் இன்னும் எனக்குத் தெரிகிறது.

அவர் கம்பியைப் பிடுங்கியதும் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அன்ரி.

“என்னண்ணை, உங்க என்ன சத்தம்? என்ரை மனுசன் கட்டிலுக்குக் கீழ பூந்திட்டார். நான் கூப்பிட்டும் வாறாரில்லை. நீங்களெண்டாலும் வந்து சொல்லுங்கோ.”

“ஒண்டுமில்லைத் தங்கச்சி. மானுக்குச் சாப்பாடு போடுற மிசின்.”

“மானுக்கோ? ஒன்பதாம் மாடியிலயோ?” அன்ரி சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இடையில் நின்றுபோனது. தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் போன பிறகு அம்மா கோபமில்லாமல் சொன்னார்: “ஊரில துவக்குச் சூடு நடக்கேக்க நீங்கள் இஞ்ச இருந்தனீங்கள். உங்களுக்கு இது தெரியாது.”

அப்பா முழங்காலில் நின்று, கார்ப்பெற்றில் கிடந்த சோளத்தை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினார். மாமா குளியற் தொட்டிக்குள் படுத்திருந்தார். இருட்டும் வரை எழும்பவில்லை. வாளியை அப்பா திரும்பவும் “கார்பேஜ் ரூமில்” கொண்டுபோய் வைத்தார். மாமாவைப் பண்ணைக்குக் கூட்டிப்போகும் பேச்சும் அதோடு போனது.

இரண்டொரு நாள் கழித்து நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வாசற்கதவு திறந்திருந்தது. அம்மா கதவைப் பிடித்தபடி தளத்து நடைகூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடைகூடத்தின் கோடியிலிருந்து மாமா வந்துகொண்டிருந்தார்: வெறுங்கால், ஒரு கையில் அந்த வாளி, மறு கையில் யாரோ எறிந்த ரப்பர்ப் பனிச் சப்பாத்து ஒரு சோடி.

“உந்த வாளியை ஏன் அத்தான் எறிஞ்சனீங்கள்?” என்று இரவுச் சாப்பாட்டின்போது மாமா அப்பாவைக் கேட்டார். “மோட்டரில பிழையில்லை. தகரம்தான் கத்துது.”

சப்பாத்துகளை நீளவாக்கில் வெட்டி, தட்டின் மேலும் வளையத்தின் உட்புறமும் ரப்பரை ஒட்டினார். அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் ஓடவிட்டார். அம்மா சோபாவில் என் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

“இப்ப எப்படி அக்கா?”

“கொஞ்சம் கேக்குது.”

மாமா கழற்றினார், இன்னொரு மடிப்பு ஒட்டினார். “இப்ப?”

“மழை தூறுற மாதிரிக் கிடக்கு,” என்றார் அம்மா. அவருடைய பிடி தளர்ந்தது.

அப்பா அதற்காகவே காத்திருந்தவர்போல, “எனக்கு மரத்தில ஏறேலாது. நீர்தான் வந்து கட்டவேணும்,” என்றார். மாமா வாளியின் கீழிருந்த தட்டைக் கையால் ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். பிறகு, “ஆக்கள் இருக்கமாட்டினமோ?” என்று கேட்டார்.

“மான்தான் இருக்கும்.”

அந்தச் சனிக்கிழமை அப்பாவின் குளிரங்கியைப் போட்டுக்கொண்டு மாமா லிஃப்டில் இறங்கினார். அம்மாவும் நானும் பால்கனியிலிருந்து பார்த்தோம். கார்க்கதவைத் திறந்து அவர் உள்ளே ஏறும்வரை அம்மா மூச்சு விடவில்லை.

பண்ணைக்காரர் இயந்திரத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். சத்தம் கேட்டால்தான் தீனி வந்துவிட்டதென்று மான்கள் ஓடிவரும், இது ஊமையாக இருக்கிறதே என்றாராம். “எங்கட ஆக்களுக்கு இப்பிடித்தான் பழக்கம் எண்டு சொன்னன்,” என்றார் அப்பா. ஆனாலும் மான்கள் வந்தன. மாமாவுக்கு வேலையும் கிடைத்தது. இலையுதிர்காலத்தில் வேட்டைக்காரர்கள் துவக்குகளோடு வரும் வாரங்களில் மட்டும் அவர் பண்ணைக்குப் போகமாட்டார். அந்தச் சோளம் எதற்காகத் தூவப்படுகிறது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காடு இப்போது இல்லை. அங்கே ஒரே அச்சில் வார்த்த வீடுகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றை மாமாவே வாங்கி, சாகும்வரை அதில் இருந்தார். அப்பாவும் போய்விட்டார். கம்பியோடு நின்ற அந்தக் கணத்தில் அவர் எதை விளங்கிக்கொண்டார் என்று நான் அவரைக் கேட்டதேயில்லை. காடும் ஆட்களும் போன பிறகும், அந்தச் சத்தம் அம்மாவுக்குள் அப்படியே இருக்கிறது.

பெப்ரவரி 10, திங்கட்கிழமை. முதல் வேலையாக, கடலையை ஒரு பைக்கு மாற்றிவிட்டு, கராஜிலிருந்த பழைய பனிச் சப்பாத்தொன்றை வெட்டி, பிஸ்கற் தகரத்துக்குள் அடியிலும் பக்கங்களிலும் ரப்பரை ஒட்டினேன். அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடலையைத் திரும்பக் கொட்டினேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே குடித்துக்கொண்டிருந்தார்.