முப்பத்தெட்டு நொடி மெட்டு

எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தவன் தென்காசிப் பக்கத்துக்காரன். சுங்குவார்சத்திரம் அருகே நான் வேலை பார்க்கும் அதே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி, அதே லைன், எனக்கு அடுத்த இடம். ஷிப்ட் முடிந்து வந்ததும் அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பான். இந்தத் தடவையும் தேறாவிட்டால் ஊருக்கு வந்து கடையைப் பார் என்று அவன் அப்பா சொல்லியிருந்தார்.

எதிர் வீட்டில் டைல்ஸ் வெட்டும் மெஷின் மாதக்கணக்கில் ஓடியது. ஒரு வரி மண்டையில் ஏறவில்லை என்று அவன் அழாத குறையாகச் சொன்னபோது, படிக்கும்போது பின்னால் ஓட ஒரு இசை செய்து தருகிறேன் என்றேன். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன் என்ற கெத்து.

அந்த வகை இசைக்கு வார்த்தை கூடாது, தாளம் அதிரக் கூடாது, யாரும் தலையாட்டிவிடக் கூடாது. கேட்பவன் கவனிக்காமல் இருந்தால்தான் வெற்றி. சர்ச்சில் வாசித்த பத்து வருட ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த நிலையை எப்போதோ எட்டியிருந்தேன்.

இரண்டே நாளில் முடித்தேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, விரல்கள் தானாக ஓடின. கர்த்தர்தான் வாசிக்கிறார் என்று நம்பினேன். ஒரே மெட்டு, ஒரு மணி நேரம், திரும்பத் திரும்ப. அதை அவன் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து டீ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். காதில் ஹெட்போன், மடியில் புத்தகம், போன வாரம் பார்த்த அதே பக்கம். அவன் இடது கை இல்லாத ஒரு பீஸை எடுத்து வைத்தது. வலது கை காற்றில் நாலு ஸ்குரூ முடுக்கியது. பிறகு தள்ளிவிட்டது. மறுபடி எடுத்தது.

"இன்னா பண்ற?" என்றேன்.

ஹெட்போனைக் கழற்றினான். "அண்ணே, உங்க பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா கேட்டா கை வேலைக்குப் போயிருது. நான் எப்படிப் படிக்க?"

கீழே வந்து கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். மெட்டு ஒரு சுற்று வர முப்பத்தெட்டு நொடி. எங்கள் லைனில் ஒரு பீஸுக்குக் கொடுத்திருக்கும் நேரமும் அதேதான். எனக்கு வெட்கமாகிவிட்டது. வேறு மெட்டு போட்டேன். அதுவும் முப்பத்தெட்டில் வந்து நின்றது. வேண்டுமென்றே இழுத்து வாசித்தேன். எழுபத்தாறு நொடி, சரியாக இரண்டு பீஸ் ஆயிற்று.

அவன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போனான். லாரி ஹாரனுக்கும் கண்டக்டர் விசிலுக்கும் நடுவே உட்கார்ந்து படித்தான். தேறியும்விட்டான். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அறையைக் காலி செய்த அன்று போனிலிருந்து அந்த மெட்டை அழித்துவிட்டுத்தான் போனான். அவனைக் குறை சொல்ல முடியாது.

லைனில் அவன் இடத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். கை பின்தங்கியது, பீஸ்கள் தேங்கின. அழுதுவிடுவாள் போலிருந்தது. நான் அந்த மெட்டை மெல்ல முனகினேன். சாப்பாட்டு மணிக்குள் அவள் கை லைனோடு சேர்ந்துகொண்டது. என்ன முனகுகிறேன் என்றுகூட அவள் கேட்கவில்லை.

சூப்பர்வைசர் வந்து நின்று பார்த்தார். "சூப்பரா கீதே, தினமும் பாடு" என்றார்.

என் இசைக்கு அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. அந்த ஞாயிறு நான் சர்ச்சுக்குப் போனேன். கீபோர்டைத் தொடவில்லை, தொட்டால் அங்கேயும் லைன்தான் ஓடும்.