வகுப்பு சொல்ல வேண்டிய சொல்

அந்த மாதம் முழுக்க நான் வீட்டில் ஓரிடத்தில் உட்காரவில்லை. டெல்லி ஜனக்புரியில் எங்கள் ஃப்ளாட்டின் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். கையில் கரண்டி இருக்கும், வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பின்னம், ஃபிராக்‌ஷன். தொகுதி, நியூமரேட்டர். பகுதி, டினாமினேட்டர். தகு பின்னம், ப்ராப்பர் ஃபிராக்‌ஷன். ரசம் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்த நாளும் உண்டு.

தனியார் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் தேடுகிறார்கள் என்று மாடி வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். விண்ணப்பித்தேன். நேரில் வந்து ஒரு டெமோ கிளாஸ் எடுத்துக் காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்று பதில் வந்தது.

கல்யாணத்துக்கு முன்பு திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுத்தவள் நான். படித்ததும் தமிழில், சொல்லிக்கொடுத்ததும் தமிழில். கணவருக்கு வங்கியில் வேலை, டெல்லிக்கு மாற்றல் வந்தது. வந்த புதிதில் யாராவது கேட்டால் "நான் டீச்சர்" என்பேன். சில வருஷத்தில் அது "டீச்சரா இருந்தேன்" ஆயிற்று. அப்புறம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது எனக்குள் எவ்வளவு வலித்திருக்கிறது என்று விண்ணப்பத்தை அனுப்பிய அன்றைக்குத்தான் தெரிந்தது. இதுவும் கைநழுவினால் இன்னொரு பள்ளி வாசலில் போய் நிற்கும் தெம்பு எனக்கு இருக்காது என்பதும் தெரிந்தது.

கணக்கைப் பற்றி எனக்குப் பயமில்லை, பயமெல்லாம் பெயர்களிடம்தான். நாற்கரம் என்றால் நாலு பக்கமும் உடனே கண்ணில் தெரியும். குவாட்ரிலேட்டரல் என்றால் ஒரு நடை தமிழுக்குப் போய்விட்டுத்தான் திரும்பி வருவேன். வீட்டில் அது பரவாயில்லை. வகுப்பில் அத்தனை கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த இடைவெளி பூதாகரமாகத் தெரியும்.

கணவர் பொறுமைசாலி. பொறுமைசாலிகளைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் கூடும்.

"ஆறாங்கிளாஸ் கணக்குக்கு ஐ.ஏ.எஸ். எழுதப்போறவ மாதிரி அலையுத. கொஞ்சம் உக்காரேன்" என்றார்.

"உங்களுக்கென்ன. உங்க பேங்க்ல யாரும் உங்கள நிக்க வச்சு டினாமினேட்டர்னா என்னன்னு கேக்கப்போறதில்ல" என்றேன். அவர் சிரித்துவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

ஒத்திகைக்கு மாணவி என் மகள். ஒன்பதாவது படிக்கிறாள். பிறந்தது இங்கேதான், தமிழ் பேசுவாள், படிக்க வராது. சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இவ்ளோ ஜல்தி ஜல்தியா பேசாதே. தோடா மெதுவா" என்பாள். வேகத்தைக் குறைத்தால் கால்கள் வேகமாக நடக்க ஆரம்பித்துவிடும்.

எங்கள் ஊர் வகுப்புகளில் ஒரு பழக்கம் உண்டு. டீச்சர் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசிச் சொல்லுக்கு முன்னால் குரலை உயர்த்தி நிறுத்துவார். அந்தச் சொல்லை வகுப்பு மொத்தமும் சேர்ந்து சொல்லி முடிக்கும். நான் படித்த பள்ளியில் பக்கத்து அறையில் கணக்கு நடந்தால் டீச்சரின் குரல் எங்களுக்குக் கேட்காது. பிள்ளைகள் கத்தும் கடைசிச் சொல் மட்டும் சுவரைத் தாண்டி வரும். இது ஒரு பழக்கம் என்றே நான் அதுவரை நினைத்ததில்லை. வகுப்பு என்றால் அப்படித்தான் என்று இருந்தேன். "கோட்டுக்கு மேலே இருக்கிறது நியூமரேட்டர், கீழே இருக்கிறது…" என்று ஆங்கிலத்தில் சொல்லி நிறுத்தினால், மகள் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே "டினாமினேட்டர்" என்பாள். சின்ன வயதிலிருந்து என்னிடம் வாய்ப்பாடு படித்தவள். நான் எங்கே நிறுத்துவேன் என்று அவளுக்குத் தெரியும்.

டெமோ நாளன்று பள்ளி வரவேற்பறையில் இருந்த பெண் என்னிடம் மூன்று தரம் "பைட்டியே மேடம்" என்று உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன், எழுந்தேன், சுவரில் மாட்டியிருந்த பரிசுக் கோப்பைப் படங்களை எல்லாம் பார்த்து முடித்தேன். கூப்பிட்டார்கள்.

பிரின்சிபாலும், ஐம்பது வயதைத் தாண்டிய மூத்த கணக்கு டீச்சர் ஒருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். போர்டில் ஒரு ரொட்டி வரைந்து நாலாக வெட்டினேன். ஒரு துண்டை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டதும் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒன்றின் கீழ் நாலு எழுதிக் கோடு போட்டேன். மேலே இருக்கிறது நியூமரேட்டர் என்றேன். கீழே இருப்பதன் மேல் சாக்பீஸை வைத்து, "கீழே இருக்கிறது…" என்று குரலை உயர்த்தி நிறுத்தி வகுப்பைப் பார்த்தேன்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன் வரிசையில் ஒரு சிறுமி சத்தமில்லாமல் கையைத் தூக்கினாள். அந்தப் பள்ளியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பேசுவார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஊரில் பிள்ளைகள் மௌனமாக இருந்தால் இன்னும் சத்தமாகக் கேட்போம். நானும் தலையை ஆட்டிக்கொண்டு, "கீழே இருக்கிறது…" என்றேன். அந்தச் சிறுமி கையை இன்னும் உயரத் தூக்கினாள்.

"டினாமினேட்டர்" என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மெல்லிய குரல். மூத்த டீச்சர்தான். எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "கோயி பாத் நஹீ" என்றார். பரவாயில்லையாம். எனக்கு அந்தச் சொல் மறந்துவிட்டது என்று நினைத்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு மாதமாக ரசத்தைப் பொங்கவிட்டுப் படித்த சொல்லை.

 எனக்குத் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நான் திரும்பி அந்தச் சொல்லைப் போர்டில் எழுதினேன், அவர் சொல்லிக்கொடுத்து எழுதுகிறவள் போல. இனி நிறுத்தக்கூடாது என்று நினைத்தேன். வாய் கேட்கவில்லை. "மேலே சின்னதாகவும் கீழே பெரிதாகவும் இருந்தால் அது ப்ராப்பர்…" என்று மறுபடி நின்றது. மறுபடியும் அவரே முடித்து வைத்தார். பிரின்சிபால் தாளில் ஏதோ எழுதினார்.

பிறகு தன் அறையில் அவர் என்னிடம் கனிவாகத்தான் பேசினார். "கணக்கு உங்களுக்கு நன்றாக வருகிறது. ரொட்டி உதாரணம் அருமை. ஆனால் அடிப்படைச் சொற்களே நாக்கில் வரவில்லையே. இந்தத் தடவை கஷ்டம்." பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பள்ளி மாணவர்களுக்கான அடிப்படைக் கணிதச் சொற்கள். நான் அதை இரண்டு கைகளாலும் வாங்கி நன்றி வேறு சொன்னேன்.

மெட்ரோவுக்குப் போக இ-ரிக்‌ஷாவில் ஏறிப் புத்தகத்தைப் பிரித்தேன். ஏரியா, ஆங்கிள், ஆர்க். பக்கம் பக்கமாகத் தள்ளினேன். தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. அவமானமெல்லாம் போய்க் கோபம் வந்தது. "பையா, திருப்புங்க" என்றேன். ஏதாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்டார் ஓட்டுநர். எதையும் மறக்கவில்லை என்று அவரிடம் கத்த வேண்டும் போலிருந்தது.

பிரின்சிபால் அறையில் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. என் ஹிந்தி காய்கறிக்கடை ஹிந்தி. அதை வைத்துக்கொண்டு, எனக்கு அந்தச் சொல் தெரியும், பிள்ளைகள் சொல்லட்டும் என்றுதான் நிறுத்தினேன் என்று சொன்னேன். இருவருக்கும் பிடிபடவில்லை. பிரின்சிபால் "அச்சா" என்றார். டெல்லியில் அந்தச் சொல்லுக்கு ஆயிரம் தொனி உண்டு. இது போய்வாருங்கள் என்கிற தொனி.

விளக்கம் சொல்ல எனக்கு வராது, வகுப்பெடுக்கத்தான் வரும். நிமிர்ந்து நின்று, வகுப்பில் பேசுகிற குரலில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் வருவது நூற்று…"

"எண்பது" என்றார் மூத்த டீச்சர். கையில் டீக்கோப்பை அப்படியே நின்றது.

பிரின்சிபால் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்படியென்றால் காலையில் நான் உங்களுக்கு உதவி செய்யவில்லையா?" என்று கேட்டார்.

"இல்லை மேடம். பதில் சொன்னீர்கள்."

பிரின்சிபால் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, எங்கள் பிள்ளைகளுக்கு இந்த முறை பழக்கமில்லை, முடிவில் மாற்றமில்லை என்றார். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

மெட்ரோ பிளாட்பாரத்தில் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் நடந்துகொண்டே இன்னொரு பள்ளிக்கு விண்ணப்பம் அனுப்பினேன். அன்று நான் எடுத்த வகுப்பில் ஒருவர் பதில் சொல்லியிருந்தார், கடைசி பெஞ்சிலிருந்து, இரண்டு முறையும் சரியாக.