மாதையன் சார் அள்ளிய தண்ணீர்

காரிமங்கலம் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் படங்களுக்குக் கீழே, மாதையன் சார் மாரடைப்பில் காலமானார் என்று ஒரே ஒரு வரி. பழக்கதோஷத்தில் யாரோ அதற்கும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு அவர் வீடு இருக்கும் கம்பைநல்லூருக்குப் போகும் பஸ்ஸைத் தேடினேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அவருடைய அறிவியல் வகுப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழாசிரியனான நானே வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். ஆசிரியர் அறையில் ஜோசியம், வாஸ்து என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். வாஸ்துவுக்காக வாசலை இடித்துத் திருப்பிய ஒருவரிடம், "வாசலத் திருப்பிட்டீங்க, சரி. ரோட்ட எப்பங்க திருப்பப் போறீங்க?" என்று கேட்டார். அந்த மனிதர் பல நாள் அவரோடு டீ குடிக்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின கோடையில் சாரின் மனைவி ருக்குமணி அக்கா பக்கவாதத்தில் படுத்தார். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது, அறை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதால் சார் ஏசி வாங்கினார். மாட்டிய அன்று அக்காவின் அண்ணன் வந்து நின்று, ஏசித் தண்ணீர் வாஸ்துப்படி ஈசான்ய மூலை வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நோயாளியின் முன்னால் சண்டை எதற்கு என்று சார் விட்டுவிட்டார். அந்தப் பக்கம் பெரிய ஜன்னல். அதற்கு மேலேதான் ஓட்டை போட முடிந்தது. அது ஏசியைவிட உயரமாகப் போய்விட்டது. தண்ணீர் மேடேறுமா? திரும்பி உள்ளேயே ஒழுகியது. நேர் கீழே அக்காவின் கட்டில். சின்ன அறையில் அதை நகர்த்தவும் வழியில்லை. படுக்கை நனைந்தால் புண் நிச்சயம்.

சார் கட்டிலுக்கு மேலே பாலிதீன் தாளைச் சாய்த்துக் கட்டி, நுனியில் வாளி வைத்தார். மதிய இடைவேளையில் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு மொபெட்டில் வீட்டுக்கு ஓடுவார். வாளியைக் கொட்டி, அக்காவைப் புரட்டிப் படுக்கவைத்து, மணியடிப்பதற்குள் ஈரச் சட்டையோடு திரும்புவார். "சலிப்பா இருக்குதுங்க" என்று ஒளிக்காமல் சொல்வார். மறுநாளும் போவார்.

தருமபுரி ஏசி மெக்கானிக்குக்குப் போன் போட்டு அலுத்தது நான்தான். எப்போது கேட்டாலும், "பாலக்கோட்டுல இருக்கேன் சார், இதோ வந்துடறேன்" என்பார். ஒருநாள் நிஜமாகவே வந்துவிட்டார். மேற்குச் சுவரில் தாழ்வாக ஓட்டை போட்டால் சரியாகிவிடும் என்றார். சார் அவரை டிரில்லை எடுக்கவே விடவில்லை. டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. "என்னங்க சார் இது?" என்றேன். வெளியே அழைத்துவந்து குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு அதுல ஒரு நம்பிக்கைங்க. படுத்திருக்கறவ மனசக் கெடுக்க வேணாம். நானே அள்ளிக்கறேன்." அக்காமீதுதான் எனக்கு உள்ளூர வருத்தம் வந்தது.

அக்கா மெல்லத் தேறினார். கைத்தடியோடு நடக்கவும் தொடங்கினார். ஏசி ஒழுகிக்கொண்டே இருந்தது, அவரும் அள்ளிக்கொண்டே இருந்தார்.

காரியம் முடிந்து சில நாள் கழித்துப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாளி நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர். எடுக்கக் குனிந்தேன்.

"வுடுங்க சார். அந்த மெக்கானிக்க வரச் சொல்லுங்க. மேக்கால செவுத்துலயே ஓட்டையப் போட்டுடலாம்" என்றார்.

"உங்க மனசுக்குச் சங்கடமா இருக்குமேங்க அக்கா."

"எனக்கென்னங்க சங்கடம்? அது எங்கண்ணன் சொன்னது. நான் எந்திரிச்சு உக்காந்த அன்னிக்கே மாத்தச் சொன்னேன். அவருதான் கேக்கல. அந்த ஓட்டையப் போட்ட வாரந்தான் எனக்கு வெரலு அசைஞ்சுது. அத மூடினா நான் மறுபடியும் படுத்துக்குவேன்னு பயந்துட்டாரு. வெளிய சொல்லிடாதன்னாரு. ஸ்கூல்ல சிரிப்பாங்களாம்."

சிரித்திருப்போம். நானே முதலில் சிரித்திருப்பேன். அவருடைய பாடங்களையும் கேலிகளையும் நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாமல் அவர் சுமந்த அந்தப் பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.