நன்னம்பிக்கை முனையைச் சுற்றி

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் கடற்படை உத்தி பற்றிப் பாடம் நடத்துகிறேன். "இன்னா மேடம், நம்ம ஊருல கடல் எங்க கீது?" என்று சங்கராபுரம் பஸ்ஸில் என்னைக் கேட்காத ஆளில்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். என் வீட்டுக்காரருக்குச் சரக்குக் கப்பலில் ஃபிட்டர் வேலை, இன்ஜின் ரூமில்.

பாடத்தில் இரண்டு பழைய கொள்கைகள் உண்டு. பெரும்படை திரட்டி எதிரியை ஒரே போரில் நொறுக்கினால் கடலே நம்முடையது என்பது ஒன்று. கடலுக்கு யாரும் பட்டா வாங்க முடியாது, கப்பல் போகிற வழியைக் காத்தால் போதும் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். குறுகலான நீரிணையைச் சின்னக் கூட்டம் மறித்தாலே வல்லரசுகள் திணறிவிடும் என்று போர்டில் படம் போட்டுக் காட்டுவேன்.

நான் நிறைமாதமாக இருந்தபோது அது வெறும் படமாக இல்லை. செங்கடல் வாசலில் உள்ள நீரிணையில் அப்படியொரு கிளர்ச்சிக் கூட்டம் சரக்குக் கப்பல்கள்மேல் ஏவுகணை விட்டுக்கொண்டிருந்தது. பிரசவத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தவர் போன் செய்தார். "கம்பெனி பயப்படுது. ஆப்பிரிக்காவையே சுத்திக்கினு போவச் சொல்லிட்டாங்க. ஆள் மாத்தறதும் தள்ளிப்போவுது, லேட்டாவும்." எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாடம் நடத்துகிற அதே வாயால் அந்தக் கம்பெனியைத் திட்டித் தீர்த்தேன்.

மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம். "நன்னம்பிக்கை முனைய சுத்திக்கினு வராருங்க அத்தை" என்றேன்.

"எந்த முனி?"

ஆப்பிரிக்காவின் தென்கோடி என்று நான் விளக்குவதற்குள் கிளம்பிவிட்டார். தியாகதுருகம் பக்கத்து முனியப்பனைச் சுற்றி, சேவலும் நேர்ந்துகொண்டு வந்தார். "எம்புள்ள அங்க ஒரு முனிய சுத்துறான், நான் இங்க சுத்துறேன். எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. திருத்த மனசு வரவில்லை.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த அன்று செய்தி பார்த்தேன். நேர்வழியில் போன வேறொரு கப்பல் அந்த நீரிணையில் அடிபட்டிருந்தது. இன்ஜின் ரூமில் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. குழந்தையை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பயந்துபோய்ச் சுற்றி வரச் சொன்ன அந்தக் கம்பெனிப் புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

அவர் வந்தபோது மகளுக்குத் தலை நின்றிருந்தது. பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றார்.

"லேட்டா வந்துட்டேன்னு கோவமா?"

"லேட்டாத்தானே? வந்துட்டீங்கல்ல" என்று சொல்லிக் குழந்தையை அவர் கையில் கொடுத்தேன்.